பவர் கார்டை மாற்றுவதற்கு முன்: ஒலி அமைப்பின் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டு ஒலி அமைப்பில் உறுமல் கேட்டாலும், பாட்டில் கனம் குறைந்ததாகத் தோன்றினாலும், பலர் முதலில் சந்தேகப்படுவது சுவரிலிருந்து ஆம்ப்ளிபையருக்குப் போகும் பவர் கார்டைத்தான். கையில் கிடைப்பது, கழற்றுவது எளிது, கடையில் பளபளப்பாகத் தொங்குகிறது. ஆனால் கார்டால் வரும் கோளாறுகள் சிலவே. மற்றவை வீட்டின் எர்த்திலிருந்தும், கேபிள் டிவி வயரிலிருந்தும், இன்வெர்ட்டரிலிருந்தும், தளர்ந்த சாக்கெட்டிலிருந்தும் வருகின்றன. ஆகவே கடைக்குப் போகுமுன் என்ன கேட்கிறது, எப்போது கேட்கிறது என்று கவனியுங்கள். உங்கள் அறிகுறி கீழே எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

எதைத் தொடுவதாக இருந்தாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிய பிறகே தொடுங்கள். ஆம்ப்ளிபையரின் மூடியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்றும், நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் இந்தச் சோதனைகளுக்குப் போதும்.

கார்டின் பங்கு எவ்வளவு?

கணக்கைப் போட்டுவிடுவோம். கணினித் திரையோடு வரும் சாதாரணக் கார்டில் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இருக்கும். அதன் மின்தடை மீட்டருக்கு அதிகபட்சம் 0.026 ஓம். ஒன்றரை மீட்டர் கார்டில் போக ஒன்றரை, வர ஒன்றரை என மூன்று மீட்டர், மொத்தம் 0.078 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் கார்டுக்கு மாறினால் அது 0.04 ஓமாகக் குறையும். ஆம்ப்ளிபையர் 2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு கார்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.08 வோல்ட்டுக்கும் குறைவு. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். மேலும், மீட்டர் பெட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கும் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தாலும் அந்தச் சுவர் வயரின் தடையே ஏறத்தாழ 0.3 ஓம். மாலையில் தெரு முழுக்க விளக்கு எரியும்போது மின்னழுத்தம் பல வோல்ட் ஏறி இறங்குகிறது. கடைசி ஒன்றரை மீட்டரைத் தடிமனாக்கிப் பெரிய மாற்றம் எதுவும் வராது.

சரியான தடிமனும், இறுக்கமான முனைகளும், முழுமையான எர்த்தும் உள்ள கார்டு கட்டாயம் வேண்டும். அது சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

அறிகுறி: ஸ்பீக்கரில் இடைவிடாத தாழ்ந்த உறுமல்

இதுதான் அதிகம் பேரைக் கார்டு வாங்க வைக்கும் கோளாறு. ஆம்ப்ளிபையரின் ஒலி அளவுக் குமிழை மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள். உறுமலும் சேர்ந்து கூடிக் குறைந்தால் அது முன்னாலுள்ள கருவிகளிலிருந்தோ அவற்றை இணைக்கும் ஒலி வயர்களிலிருந்தோ வருகிறது. குமிழைத் திருப்பினாலும் மாறாமல் நின்றால் அது ஆம்ப்ளிபையரின் உட்பகுதியைச் சேர்ந்தது. வடிகட்டும் கெபாசிட்டர்கள் வயதாகிச் சோர்ந்தால் 100 ஹெர்ட்ஸில் கரகரப்பான இரைச்சல் வரும். அதற்குப் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்து, ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டுப் பின்னாலுள்ள எல்லா ஒலி வயர்களையும் கழற்றி, ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைத்து மறுபடி இயக்குங்கள். அமைதியாக இருக்கிறதா? அப்படியானால் ஆம்ப்ளிபையரும் அதன் பவர் கார்டும் நலம். இனி ஒவ்வொரு கருவியாக இணையுங்கள், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான். எதை இணைத்ததும் உறுமல் வருகிறதோ, அங்கே எர்த் வளையம் உருவாகிறது.

இரண்டு கருவிகள் வெவ்வேறு சாக்கெட்டுகள் வழியாக எர்த் செய்யப்பட்டிருந்தால், அந்த இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் இருக்கும். ஒலி வயரின் வெளிக்கூடு இரண்டையும் இணைப்பதால் அதன் வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. ஒலி சமிக்ஞை திரும்பும் வழியும் அதே கூடுதான். ஆகவே அந்த மின்னோட்டம் உண்டாக்கும் மின்னழுத்தம் பாட்டோடு கலந்துவிடுகிறது.

இதற்கான முதல் மருந்துக்குச் செலவே இல்லை. ஒலி அமைப்பின் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அந்தப் பாக்ஸை ஒரே சாக்கெட்டில் செருகுங்கள். தாங்குமா என்ற அச்சம் வேண்டாம். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட் தரும். ஆம்ப்ளிபையர், டிவி, சிடி பிளேயர் எல்லாம் சேர்ந்தும் வீட்டில் கேட்கும் ஒலி அளவில் அதன் அருகே போவதில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதே பாக்ஸில் செருகாதீர்கள். கார்டின் எர்த் கம்பி குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தால் கருவிகளின் உடல்களுக்கு இடையேயான மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும். தடித்த கார்டுக்குப் பயனுண்டு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஓரிடம் இது.

அதன் பிறகும் உறுமல் போகாவிட்டால் டிவி வயரைப் பாருங்கள். செட்-டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கோஆக்சியல் வயரைக் கழற்றியதும் உறுமல் மறைந்தால் காரணம் அதுதான். அந்த வயரின் கூடு தெருக்கம்பத்திலோ மொட்டை மாடியிலோ வேறொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி என்றால் கோஆக்சியல் வயருக்கு நடுவே பொருத்தும் சிறு தனிமைப்படுத்தி ஒன்றை வாங்கிப் போடலாம். டிஷ் ஆண்டெனா என்றால் அதைப் போடக் கூடாது. மாடியிலிருக்கும் டிஷ்ஷின் முனைக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே வயரில்தான் ஏறிப் போகிறது. தனிமைப்படுத்தி அதைத் தடுத்துவிடும், படமே வராது. அப்போது டிவிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இடையே ஆப்டிகல் வயரைப் பயன்படுத்துங்கள். ஒளி வழியாகப் போகும் இணைப்பில் எர்த் வளையத்துக்கு இடமே இல்லை.

மடிக்கணினியிலிருந்து பாட்டுக் கேட்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது அமைதி வந்தால் வளையம் சார்ஜரின் எர்த் வழியாக உருவாகிறது. கணினிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவே ஒலித் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் போட்டால் தீரும். இசைத்தட்டு இயக்குபவர்கள், தட்டுச் சுழற்றியிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிபையரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

இரண்டு பின் மட்டுமே உள்ள கருவி உறுமினால், அதன் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகிப் பாருங்கள். சில டிரான்ஸ்பார்மர்களில் பேஸ் எந்த முனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கசிவு கூடும், குறையும்.

உறுமலைப் போக்க மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை அறுத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உறுமல் நிற்கவும் செய்யும். ஆனால் உள்ளே பேஸ் வயர் உரிந்து உலோகப் பெட்டியைத் தொடும் நாளில், மின்சாரம் போக எர்த் இல்லாததால் பெட்டியைத் தொடுபவரின் உடல் வழியாகப் போகும். குழந்தைகள் விளையாடும் வீட்டில் உறுமலோடு இருந்தாலும் பரவாயில்லை, எர்த்தை அறுக்காதீர்கள்.

அறிகுறி: ஸ்பீக்கர் அமைதி, ஆம்ப்ளிபையரின் உடலே உறுமுகிறது

காதை ஆம்ப்ளிபையரின் மூடிக்கு அருகே கொண்டுபோங்கள். சத்தம் அங்கிருந்து வந்தால் அது டிரான்ஸ்பார்மரின் அதிர்வு. வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்கள், மின்சாரத்தில் நேர்மின்னோட்டம் (டி.சி.) சிறிதளவு கலந்தாலே உறுமும். பாதி வேகத்தில் ஓடும் சில ஹேர் டிரையர்கள் அலையின் ஒரு பாதியை மட்டும் இழுத்து அந்தக் கலப்பை உண்டாக்கும். வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் உறுமல் நிற்கிறதோ அதுதான் காரணம். அடுத்த வீட்டிலிருந்து வந்தால் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு பெட்டியை ஆம்ப்ளிபையருக்கு முன்னால் வைக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் செம்புக் கம்பிதான். நேர்மின்னோட்டத்தை அது அப்படியே உள்ளே விடும்.

அறிகுறி: இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல்

மின்வெட்டுக்குப் பழகிய நம் வீடுகளில் இது அடிக்கடி வரும் புகார். மின்சாரம் நின்று இன்வெர்ட்டருக்கு மாறியதும் பேன் உறுமுகிறதா, ஆம்ப்ளிபையரும் சேர்ந்து உறுமுகிறதா? உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. அதன் கூர்மையான ஏற்ற இறக்கங்களில் உயர் அதிர்வெண்கள் நிறைந்திருக்கும். டிரான்ஸ்பார்மரும் சூடாகும். அந்த நேரத்தில் ஆம்ப்ளிபையரை அணைத்துவையுங்கள், அல்லது அடுத்த முறை இன்வெர்ட்டர் மாற்றும்போது சைன் அலை வகையை வாங்குங்கள். கார்டுக்கென்று சேர்த்துவைத்த பணத்தை இதில் போட்டால் பேனும் பிரிட்ஜும்கூட நன்றி சொல்லும்.

அறிகுறி: பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ‘டப்’, பேன் வேகத்தைக் குறைத்தால் கரகரப்பு

‘டப்’ என்பது மோட்டாரின் சுவிட்ச் திறந்து மூடும்போது தெறிக்கும் மின்பொறி. முதலில் பிரிட்ஜும் ஒலி அமைப்பும் ஒரே சாக்கெட்டிலோ ஒரே எம்.சி.பி.யிலோ (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் பிரியுங்கள். பேனுக்கும் விளக்குக்கும் உள்ள குமிழ் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் அலையை நடுவே வெட்டுவதால் கரகரப்பை உண்டாக்குகின்றன. பேனுக்குப் படிப்படியாகத் திருப்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாட்டினால் அது போய்விடும், விலையும் அதிகமில்லை. மலிவான எல்.இ.டி. பல்பும் இதைச் செய்யலாம். கார்டின் மேல் கவ்வும் ஃபெரைட் வளையம் ரேடியோ அதிர்வெண்ணில் வரும் இரைச்சலைச் சற்றுக் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அறிகுறி: உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது

மூன்று பின் பிளக் உள்ள கருவியில் இப்படி இருந்தால் பாட்டை நிறுத்திவிட்டு இதை முதலில் பாருங்கள். எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. கார்டை இரு பக்கமும் கழற்றி, மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் மறுமுனையின் நடுத் துளைக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரின் சொந்த வயர்த் தடை போக, ஏறத்தாழப் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். கார்டை வளைத்து நெளித்தபடி அளக்கையில் எண் குதித்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அந்தக் கார்டை வெட்டிக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. மலிவான கார்டுகள் சிலவற்றில் பெரிய பின் இருக்கும், அதற்கு எர்த் கம்பியே இருக்காது.

கார்டு சரியென்றால் சாக்கெட். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் இருந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதே அளவு இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த பழைய எர்த் குழி உள்ள வீடுகளில், கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறிவிடும். குழியின் குழாயில் தண்ணீர் ஊற்றிவந்தால் அது குறையும். ஒலிக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ளவர்களின் உயிருக்கும் இது தேவை.

இரண்டு பின் உள்ள டிவிடி பிளேயர், செட்-டாப் பாக்ஸ் போன்றவற்றில் லேசான கூச்சம் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டரின் மிகச் சிறிய கசிவு. எர்த் உள்ள ஆம்ப்ளிபையரோடு இணைத்ததும் அடங்கிவிடும். ஒலி வயரைச் செருகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

அறிகுறி: பிளக் சூடாகிறது, ஆடுகிறது, கருகிய வாடை

இங்கேதான் கார்டையும் சாக்கெட்டையும் உடனே மாற்ற வேண்டும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை உண்டாகி, 3 ஆம்பியர் ஓடினால், கடுகளவு இடத்தில் 4.5 வாட் வெப்பம் சேரும். பிளாஸ்டிக் இளகும், பித்தளை கறுக்கும், தடை இன்னும் ஏறும். பழைய சாக்கெட்டின் உள்ளே பிடிக்கும் தகடுகள் சோர்ந்துபோயிருந்தால் புதுக் கார்டு வாங்கி என்ன பயன்? 6 ஆம்பியர், 16 ஆம்பியர் இரண்டையும் ஏற்கும் கூட்டு சாக்கெட்டுகள் பலவற்றில் சிறிய பிளக் தளர்வாகவே உட்காரும். ஒலி அமைப்புக்குத் தனியாக ஒரு நல்ல 6 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும். அவ்வப்போது பின்களைத் துடையுங்கள். பின்னில் தங்க முலாம் இருந்தாலும் சாக்கெட்டின் உள்ளே இருப்பது வெறும் பித்தளைதான்.

அறிகுறி: வெளிநாட்டிலிருந்து வந்த கார்டு, நடுவே ஒரு அடாப்டர்

ஒலிப் பிரியர்களுக்கென்று இறக்குமதியாகும் கார்டுகளில் பெரும்பாலும் அமெரிக்கப் பிளக்கோ ஜெர்மானியப் பிளக்கோ இருக்கும். சாதாரண அமெரிக்கப் பிளக் 125 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டுக்கு அது வேண்டாம். ஜெர்மானியப் பிளக்கின் பின்கள் 4.8 மில்லிமீட்டர் தடிமன், இடைவெளி 19 மில்லிமீட்டர். நம் 6 ஆம்பியர் சாக்கெட்டின் துளைகள் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர் பின்னுக்கானவை, இடைவெளி அதே 19. ஆகவே செருகினால் உள்ளே போகும், ஆனால் தளர்வாக. எர்த் அந்தப் பிளக்கின் பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால் நம் சாக்கெட்டில் எதையும் தொடாது. எல்லா நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் அடாப்டர்களும் பெரும்பாலும் அந்தத் தகட்டைத் தொடுவதில்லை. பல்லாயிரம் கொடுத்து வாங்கிய கார்டில் எர்த்தே இல்லை! ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பிளக்கை வெட்டிவிட்டு நம் மூன்று பின் பிளக் டாப்பைப் பொருத்துங்கள்.

அறிகுறி: சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிபையர் அணைந்துவிடுகிறது

காற்று போக இடமிருக்கிறதா, ஸ்பீக்கர் வயரின் இழை ஒன்று பக்கத்து முனையைத் தொடுகிறதா, ஆம்ப்ளிபையர் தாங்காத குறைந்த ஓம் ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இயக்கும் கணத்திலேயே எம்.சி.பி. விழுந்தால் அது பெரிய டிரான்ஸ்பார்மரின் தொடக்க மின்னோட்டம், எம்.சி.பி.யின் வகையை மாற்றுவது பற்றி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இரண்டிலும் கார்டுக்கு வேலையில்லை.

எதுவும் குறையில்லை, ஆனாலும் நல்ல கார்டு வேண்டும்

நியாயமான ஆசை. மூன்று கோர், 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், நீளம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். ஆம்ப்ளிபையர் பக்கம் சி-13 முனை, அதாவது கணினியின் பின்னால் செருகும் அதே மூன்று துளை முனை. அது தாங்குவது 10 ஆம்பியர். கார்டின் மேலுறையில் ‘3 x 0.75’, ‘3 x 1.5’ என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எதுவும் அச்சிடாத கார்டை வாங்காதீர்கள். வயருக்கு ஐ.எஸ். 694, பிளக்குக்கு ஐ.எஸ். 1293 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்; முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். வெட்டி வாங்கும் வயர் என்றால் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். 2.5 சதுர மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தேவையில்லை. விறைப்பான கனத்த கார்டு தன் எடையாலேயே சி-13 முனையை இழுத்துத் தளர்த்தும். உலோகக் கூடு போட்ட கார்டு, ஒலி வயர்களுக்கு மிக அருகே மின் வயரும் போயாக வேண்டிய இடத்தில் மட்டும் உதவும். முடிந்தால் இரண்டையும் ஓர் அடி தள்ளி வையுங்கள், குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

விலையுயர்ந்த கார்டால் ஒலி மாறியதாகத் தோன்றினால், வீட்டிலுள்ள ஒருவரை நீங்கள் பார்க்காதபோது கார்டை மாற்றவோ மாற்றாமல் விடவோ சொல்லுங்கள். அதே பாட்டு, அதே ஒலி அளவு. எது எதென்று பலமுறை சரியாகச் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து ஒலி அமைப்புக்கென்று தனி வயர் இழுப்பதில் அந்தப் பணத்தைச் செலவிடுங்கள்.

நீங்களே செய்வதானால், சென்னையில் ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களில் எலக்ட்ரிக்கல் கடைகளிலும் எல்லாம் கிடைக்கும். ஃபினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ் போன்றவற்றின் 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர், நல்ல 6 ஆம்பியர் பிளக் டாப், திருகிப் பொருத்தும் சி-13 முனை, இவ்வளவுதான். வயரில் பழுப்பு அல்லது சிவப்பு பேஸ்; நீலம் அல்லது கறுப்பு நியூட்ரல்; பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். வீட்டுச் சுவர் வயரிங்கில் நீலம் ஒரு பேஸாகவும் இருக்கலாம் என்பதால் இந்த நிறக் கணக்கைச் சுவருக்குள் கொண்டுபோகாதீர்கள். முனைகளுக்கு ஈயம் பூச வேண்டாம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிப் பிடி தளரும். இழைகளை முறுக்கி, நசுக்கிப் பிடிக்கும் சிறு உலோகக் குழாயைப் போட்டுத் திருகுங்கள். பிளக்கினுள் எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது கார்டை இழுத்துப் பிடுங்கினாலும் அது கடைசியில்தான் கழலும். பிடிப்பான், வயரின் வெளியுறையைக் கவ்வியிருக்க வேண்டும், உள் கம்பிகளை அல்ல.

செருகுமுன் மல்ட்டிமீட்டரால் மூன்று கம்பிகளையும் முனைக்கு முனை அளந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். பிறகு வழக்கமான ஒலி அளவில் அரை மணி நேரம் பாட்டை ஓடவிட்டு, அணைத்துப் பிடுங்கிய கையோடு பின்களையும் சி-13 முனையையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் பிளக்கைத் திறந்து திருகுகளை மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய பின்னும் சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள்.